டீட்ரிக் போன்ஹோபர்: ஐக்கியத்தினால் வந்த ஆத்தும பலம்

மனிதனுக்கு வேண்டிய பலங்கள் பல. தேக பலம், தன பலம், கல்வி பலம், ஜன பலம் என்று உலகத்தார் அவற்றை எண்ணுவர். இவை யாவும் ஒருவனை விட்டு நீங்கிய காலத்தும் நீங்காது நிற்பது எதுவோ அதுவே ஆத்தும பலம். அப்பலம் எங்கிருந்து வருகிறது என்று வினவினால், தனிமையிலிருந்தும் தவத்திலிருந்தும் வருகிறது என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். உலகத்தை விட்டு ஒதுங்கி, மனத்தை அடக்கி, ஒருவன் தனக்குத் தானே தேடிக்கொள்ளும் செல்வம் அது என்பது பொதுவான எண்ணம். இதில் உண்மையில்லை என்று கூற நாம் வரவில்லை. ஆயினும் கிறிஸ்து மார்க்கத்துப் பெரியோர் இதனோடு வேறொன்றையும் வற்புறுத்தி வந்திருக்கின்றனர். விசுவாசம் என்னும் விளக்கு ஒருவன் உள்ளத்தில் எரிவதாயினும், அதற்கு எண்ணெய் வார்ப்பது பல வேளைகளில் பிறனுடைய கையே என்பதுதான் அது. கூடி ஜெபித்தல், கூடி வேதம் வாசித்தல், ஒரே அப்பத்தைப் பிட்டு ஒரே பாத்திரத்திற் பானம்பண்ணித் திருவிருந்தில் அமர்தல் ஆகிய இவற்றையெல்லாம் அவர்கள் ஐக்கியம் என்னும் ஒரு சொல்லாற் குறிப்பர்.

இவ்வுண்மையை ஏட்டில் எழுதியதோடு அமையாமல் தம் உயிரைக் கொடுத்தும் மெய்ப்பித்தவர் ஜெர்மனி தேசத்துப் போதகராகிய டீட்ரிக் போன்ஹோபர். 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9-ஆம் தேதி, தமது 39-ஆம் வயதில், ஹிட்லருடைய ஆணையால் அவர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய சரித்திரத்தை நம் சங்கத்துக் குடும்பங்கள் அறிந்துகொள்ளுதல் நலம் எனக் கருதி ஈண்டுச் சுருங்க எழுதுகிறோம். சங்கமாய்க் கூடி வாழ்வார்க்கு அவர் வாழ்க்கை ஒரு கேள்வியையும் எழுப்புகின்றது. அதனை உரிய இடத்திற் காண்போம்.

பிறப்பும் இளமையும்

போன்ஹோபர் 1906-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 4-ஆம் தேதி, அந்நாளில் ஜெர்மனியைச் சேர்ந்திருந்ததும் இந்நாளில் போலந்து தேசத்ததுமாகிய பிரெஸ்லாவ் நகரத்திற் பிறந்தார். அவரோடு இரட்டையாய்ப் பிறந்த தங்கை சபீனா. பெற்றோருக்குப் பிள்ளைகள் எண்மர். தந்தையார் கார்ல் போன்ஹோபர் மனநோய் வைத்தியத்தில் பெரும் புகழ் படைத்த பேராசிரியர். 1912-இல் அவருக்குப் பெர்லின் சர்வகலாசாலையில் பதவி கிடைக்கவே, குடும்பம் அந்நகரில் குடியேறிற்று. அவர்கள் வாரந்தோறும் கோயிலுக்குச் செல்லும் வழக்கமுடையவரல்லர். எனினும் தாயார் பவுலா அம்மையார் குருமார் குடும்பத்தில் வந்தவராதலின், வேதக் கதைகளையும் ஞானப் பாட்டுகளையும் தாமே பிள்ளைகளுக்கு வீட்டிற் கற்பித்தார். பின்னாளில் சிறையில் அம்மகனைத் தாங்கிய பாட்டுகளிற் பல, தாய் மடியிற் கற்றவையே.

முதல் உலக யுத்தத்தில், 1918-ஆம் ஆண்டு, தமையன் வால்டர் போர்க்களத்திற் காயமுற்று மாண்டார். தாயார் துயரத்தால் நெடுநாள் நிலைகுலைந்து கிடந்தார். 1921-இல் டீட்ரிக் திடப்படுத்தல் பெற்றபோது, இறந்த மகனுடைய வேதாகமத்தை அவர் இளைய மகன் கையிற் கொடுத்தார். அந்தப் புத்தகத்தையே போன்ஹோபர் தம் ஆயுள் முழுவதும் ஓதி வந்தார்.

குருப்பட்டத்திற்குப் படிக்கப் போவதாக அவர் வீட்டிற் கூறியது ஏறக்குறைய 14 வயதில். தமையன்மார் நகைத்தனர். திருச்சபையோ சோர்ந்து நலிந்து கிடக்கின்றது, அதில் உன் அறிவை ஏன் வீணாக்குகின்றாய் என்பது அவர்கள் வாதம். அப்படியாயின் அதனை நான் சீர்திருத்துவேன் என்னும் கருத்துப்பட அச்சிறுவன் விடையிறுத்தானாம்.

திருச்சபை என்பது யாது?

1924-இல், 18 வயது மாணாக்கராய், அவர் ரோமாபுரிக்கு யாத்திரை சென்றார். குருத்தோலை ஞாயிறன்று பேதுருவின் பேராலயத்தில் வழிபாடு கண்டார். வெண்ணிறத்தாரும் கருநிறத்தாரும் மஞ்சள் நிறத்தாருமாகிய குருமார் ஒரே உடை தரித்து ஒரே வழிபாட்டில் நின்ற காட்சி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. திருச்சபை என்பது ஒரு தேசத்துக்கோ ஒரு ஜாதிக்கோ உரிய பொருளன்று என்னும் எண்ணம் அங்கே அவருக்கு வேரூன்றியது.

மூன்றாண்டு கழித்து, 1927-இல், தமது 21-ஆம் வயதில் அவர் டாக்டர் பட்டத்திற்காக எழுதிய ஆராய்ச்சிக்குப் பரிசுத்தவான்களின் ஐக்கியம் என்னும் பொருளுடைய லத்தீன் பெயரையே சூட்டினார். விசுவாசப் பிரமாணத்தில் நாள்தோறும் வாயால் ஓதிவிட்டுக் கடந்து செல்லும் அச்சொற்றொடரை அவர் நிறுத்தி ஆராய்ந்தார். கிறிஸ்து இன்று உலகில் எவ்விடத்தில் இருக்கிறார்? ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து, ஒருவருக்காக ஒருவர் வேண்டி, ஒருவர் பாவத்தை ஒருவர் மன்னித்து வாழும் கூட்டத்தில் இருக்கிறார் என்பதே அந்நூலின் சாரம்.

ஏட்டில் இவ்வாறு கண்டதை வாழ்க்கையிற் காண்பதற்கு அவர் கடல் கடக்க வேண்டியதாயிற்று. 1930-இல் நியூயார்க் நகரத்து யூனியன் வேத சாஸ்திரக் கல்லூரிக்கு ஓராண்டு படிக்கச் சென்றார். அங்கே பிராங்க் பிஷர் என்னும் கறுப்பின மாணாக்கர் நண்பரானார். அவர் வழியாக ஹார்லெம் பகுதியிலுள்ள அபிசீனியன் பாப்டிஸ்ட் சபையை அறிந்து, ஞாயிறுதோறும் அங்கே சென்று சிறுவர்க்கு வேதபாடம் கற்பித்தார். செல்வர் சபைகளிற் காணாத ஜீவனை, அடிமைகளின் வழிவந்தோர் கூடிப் பாடிய அவ்விடத்திற் கண்டார். வெள்ளையர் கறுப்பருக்கு இழைக்கும் அநீதியையும் அங்கேதான் கண்ணாரக் கண்டார். தேசம் திரும்பியபோது அச்சபையார் பாடும் பாட்டுகளின் இசைத்தட்டுகளைக் கையோடு கொணர்ந்தார்.

1931 நவம்பரில் குருப்பட்டம் பெற்றதும், பெர்லின் நகரின் வடபால், வேலையில்லாத் தொழிலாளர் நிறைந்த பகுதியில், அடங்காத சிறுவர் கூட்டமொன்றைத் திடப்படுத்தலுக்கு ஆயத்தஞ் செய்யும் பொறுப்பு அவரிடம் விடப்பட்டது. பேராசிரியர் மகனாகிய அவர் அப்பகுதியிலேயே ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தார். மாலை வேளைகளிற் சிறுவர் அங்கே தங்குதடையின்றி வந்து போயினர். திடப்படுத்தலுக்கு நல்லுடை இல்லாதவர்க்குத் தாமே துணி வாங்கிக் கொடுத்தார். முதல் திருவிருந்தில் அமரும் நாளில் எச்சிறுவனும் தன் கந்தலை எண்ணி நாணலாகாது என்பது அவர் கருத்தாயிருத்தல் வேண்டும்.

வாயிலில் நின்ற கேள்வி

1933 ஜனவரி 30-ஆம் தேதி ஹிட்லர் அதிகாரத்திற்கு வந்தார். இரண்டு நாள் கழித்து, தலைவன் என்போன் தன்னைத் தெய்வமாக்கிக்கொண்டால் தன்னைப் பின்பற்றுவோரைக் கெடுப்பான் என்னும் பொருள்பட போன்ஹோபர் ரேடியோவிற் பேசினார். அப்பேச்சு முடியுமுன்னே இடையில் நின்றுபோயிற்று.

அவ்வாண்டு ஏப்ரலில், யூத வம்சத்தில் வந்தோர் அரசாங்க உத்தியோகத்தில் இருத்தலாகாது என்று சட்டம் பிறந்தது. ஆரியர் விதி எனப்பட்ட அதனைத் திருச்சபைக்குள்ளும் புகுத்த ஒரு கட்சியார் முற்பட்டனர். யூத வம்சத்தார் ஞானஸ்நானம் பெற்றவராயினும், போதகராய் ஊழியஞ் செய்தவராயினும், பிறப்பை முன்னிட்டு விலக வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 1933 செப்டம்பரில் பிரஷியத் திருச்சபையின் மகாசபை அதனை ஏற்றுக்கொண்டது.

மற்றவர்க்கு இஃது ஒரு நிர்வாக விதியாய்த் தோன்றிற்று. போன்ஹோபருக்கோ இது திருச்சபையின் உயிரைத் தொட்ட காரியமாயிற்று. அவருடைய தங்கை சபீனாவின் கணவர் ஞானஸ்நானம் பெற்றவராயினும் யூத வம்சத்தவர். உற்ற நண்பராகிய போதகர் பிரான்ஸ் ஹில்டபிராண்ட் யூதத் தாயின் மைந்தர். ஆயினும் அவர் வாதம் உறவின் பொருட்டு எழுந்ததன்று. கிறிஸ்து அழைத்த ஒருவனைப் பிறப்பைக் காட்டி வாயிலில் நிறுத்தும் கூட்டம் எதுவாயினும் ஆகலாம், ஆனால் அது கிறிஸ்துவின் சபையன்று என்றே அவர் வாதித்தார். அரசு தவறு செய்தால் அதனைத் திருச்சபை கேள்வி கேட்க வேண்டும். அத்தவற்றால் நசுக்குண்டவர் எம்மதத்தவராயினும் அவருக்குத் துணை நிற்க வேண்டும். அதுவும் போதாதபோது, ஓடும் சக்கரத்தையே தடுத்து நிறுத்த முற்பட வேண்டும். இம்மூன்று கடமைகளையும் அவ்வாண்டிலேயே அவர் எழுதி வெளியிட்டார்.

இத்தகையவரும் ஒருமுறை தவறினார் என்பதை மறைத்தல் சரித்திரத்திற்கு நேர்மையாகாது. அதே ஏப்ரலில் சபீனாவின் மாமனார் காலமானார். அவர் ஞானஸ்நானம் பெறாத யூதர். அடக்க ஆராதனையை நடத்தித் தரும்படி குடும்பத்தார் வேண்ட, போன்ஹோபர் தம் மேலதிகாரியின் ஆலோசனையைக் கேட்டு மறுத்துவிட்டார். சில மாதங்களில் அதனை எண்ணி மனம் நொந்து, தாம் எங்ஙனம் அவ்வளவு அஞ்சினோம் என்று வெட்கி, தங்கைக்கும் அவள் கணவருக்கும் எழுதி மன்னிப்பு வேண்டினார். சக்கரத்தைத் தடுக்கச் சொன்னவர்க்கே தம் குடும்பத்துச் சாவு வீட்டில் கால் கூசிற்று. தைரியம் என்பது பிறப்பில் வருவதன்று, கற்றுக்கொள்ள வேண்டுவது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

முன்னர் நாம் குறித்த கேள்வி இவ்விடத்தில் எழுகின்றது. பிறப்பினால் ஒன்றுபட்டவர் சங்கம் அமைத்துத் தம் பிள்ளைகளின் கல்விக்கும் ஏழைகளின் உதவிக்கும் வழிதேடுதல் ஒன்று. பிறப்பைக் காட்டித் தெய்வ சந்நிதியில் ஒருவரை வெளியே நிறுத்துதல் மற்றொன்று. முதலாவது இரண்டாவதாக மாறுதற்கு நெடுங்காலம் வேண்டுவதில்லை. ஜெர்மனியில் சில மாதங்களே போதுமாயிருந்தன. நம் தேசத்திலும் கோயில்களில் தனி வரிசையும் கல்லறைத் தோட்டங்களிற் குறுக்குச் சுவரும் இருந்ததை அறிவோம். ஆதலின் இது பிறர் வீட்டுக் கதையென்று நாம் வாசித்துவிட்டுப் போதற்கில்லை.

பின்கன்வால்டே வாசம்

1933-இன் இறுதியில் போன்ஹோபர் லண்டன் மாநகரிலுள்ள இரு ஜெர்மானியச் சபைகளுக்குப் போதகராய்ச் சென்றார். அங்கே சிச்செஸ்டர் அத்தியட்சர் ஜார்ஜ் பெல் அவருக்கு ஆயுட்கால நண்பரானார். அந்நாளில் நம் தேசத்தின்பால் அவருக்கு மிகுந்த நாட்டம் உண்டாயிற்று. கிறிஸ்துவின் மலைப்பிரசங்கத்தை ஒரு கூட்டமாய் வாழ்ந்து காட்டும் முறையைக் காந்தியடிகளிடம் கற்க விரும்பினார். 1934-இல் அவரே அடிகளுக்குக் கடிதம் எழுதினார், பெல் அவர்களும் எழுதினார். ஆசிரமத்தில் வந்து தங்கலாம் என்று காந்தியடிகள் அவ்வாண்டு நவம்பரில் மறுமொழி விடுத்தார். ஆனால் அந்த யாத்திரை நிறைவேறவில்லை. ஹிட்லருக்குப் பணியாத சபையார் குருமாணாக்கரைப் பயிற்றுவிக்கும் பொருட்டு அவரை அழைத்தனர்.

அப்பயிற்சிச்சாலை 1935 ஏப்ரலில் பால்டிக் கடற்கரையில் தொடங்கி, சில வாரங்களில் ஸ்டெட்டின் நகருக்கு அண்மையிலுள்ள பின்கன்வால்டே என்னும் ஊருக்கு மாறிற்று. வீடு பழையது, பொருள் குறைவு, பாயும் நாற்காலியும் கூடச் சபையார் கொடுத்த தர்மம். அங்கே வந்த வாலிபர்க்கு முன்னே பதவி இல்லை, சம்பளத்திற்கு உறுதி இல்லை, சிறை மட்டும் உறுதியாயிருந்தது. இத்தகையோரைத் திடப்படுத்துவது எங்ஙனம்? போன்ஹோபர் வகுத்த முறை மிக எளியது.

விடிந்ததும் எவரும் எவரோடும் பேசுமுன் கூடி வழிபடுதல். சங்கீதங்களை மாறிமாறி வாசித்தல். பழைய ஏற்பாட்டிலும் புதிய ஏற்பாட்டிலும் ஒவ்வொரு பகுதி கேட்டல், பாடுதல், ஜெபித்தல். பிறகு அரைமணி நேரம் ஒவ்வொருவரும் மௌனமாய் அமர்ந்து ஒரே வேத வசனத்தை ஒரு வாரம் முழுவதும் தியானித்தல். பகலிற் படிப்பும் விளையாட்டும் இசையும். இரவில் மீண்டும் கூட்டு ஜெபம். இவற்றோடு ஒரு விதியும் இருந்தது. உடனில்லாத சகோதரனைப் பற்றி அவன் அறியாமற் பேசலாகாது. பேசிவிட்டால் அதனை அவனிடமே சென்று சொல்லிவிட வேண்டும். படிப்பில் கற்றதற்கு ஏறக்குறைய நிகராக இவ்வொரு விதியை மீறியும் திருந்தியும் கற்றதாக அம்மாணாக்கர் பின்னாளில் நினைவுகூர்ந்தனர்.

திருவிருந்து நாளுக்கு முந்திய மாலை அங்கே விசேஷமானது. ஒருவரோடு ஒருவர் பிணங்கியிருந்தோர் அன்று தேடிச் சென்று ஒப்புரவாவர். விரும்புவோர் தம் பாவங்களை ஒரு சகோதரனிடம் அறிக்கையிட்டு, கடவுளின் மன்னிப்பை அவன் வாயாற் கேட்பர். இம்முறை சீர்திருத்தச் சபையாருக்குப் புதிது, வாலிபர் தயங்கினர். ஒருநாள் போன்ஹோபர் தம் மாணாக்கர் ஒருவரிடமே சென்று தம் பாவங்களை அறிக்கையிட்டார். அதன் பிறகு தயக்கம் மெல்ல நீங்கிற்று. மற்றொரு நாள் சமையற்கட்டில் பாத்திரம் துலக்க ஆள் வேண்டுமென்று அழைப்பு வந்தது. எவரும் எழவில்லை. போன்ஹோபர் ஒன்றும் பேசாமல் எழுந்து சென்று, கதவைத் தாழிட்டுக்கொண்டு, பின்வந்தவரை உள்ளே விடாமல் வேலையைத் தாமே முடித்தார். அதனைப் பற்றிப் பின்னரும் பேசவில்லை. ஐக்கியம் என்பது உணர்ச்சிப் பெருக்கன்று, பாத்திரம் துலக்குதலும் அதில் அடக்கம் என்று அவர்கள் விளங்கிக்கொண்டனர்.

1937 செப்டம்பரில் இரகசியப் போலீசார் அவ்வீட்டை மூடி முத்திரையிட்டனர். ஆண்டு முடிவதற்குள் அங்கே பயின்றவர் 27 பேர் சிறைப்பட்டனர். மறு ஆண்டு செப்டம்பரில் தங்கை சபீனாவின் குடும்பம் தேசத்தை விட்டு ஓடித் தப்ப நேர்ந்தது. அவர்கள் விட்டுச் சென்ற கெட்டிங்கன் நகரத்து வீட்டில் அமர்ந்து, நான்கு வாரத்தில், போன்ஹோபர் ஒரு சிறு நூலை எழுதி முடித்தார். கூடி வாழ்தல் என்னும் பொருளுடைய பெயரோடு அது 1939-இல் வெளிவந்தது. சிதறிப்போன கூட்டத்தை நினைந்து, ஆளற்ற வீட்டில் எழுதப்பெற்ற நூல் அது.

விசுவாசிகள் கூடி வாழ்தல் இயல்பாய்க் கிடைப்பதன்று, கடவுளின் கிருபையால் கிடைப்பது என்கிறது அந்நூல். மனிதனுக்குத் தன் உள்ளமே தன்னை ஏமாற்றும். சோர்ந்த வேளையில் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல் பலிப்பதில்லை. ஆதலாற்றான் கடவுள் தம் வார்த்தையை இன்னொரு மனிதன் வாயில் வைத்திருக்கிறார். தனித்திருக்க அறியாதவன் கூட்டத்திற்குத் தீங்கு விளைப்பான், கூட்டத்தை வெறுப்பவன் தனிமையிற் கெடுவான் என்று இருபுறமும் எச்சரிக்கிறார் ஆசிரியர். பிறருக்குச் செய்யும் தொண்டுகளில் முதலாவதாக அவர் கூறுவது யாதெனின், செவிகொடுத்துக் கேட்டல்.

திரும்பி வந்த கப்பல்

1939 ஜூனில் யுத்தம் நெருங்கிற்று. நண்பர்கள் அவர் உயிரைக் காக்கக் கருதி அமெரிக்காவுக்கு அனுப்பினர். அங்கே பதவியும் பாதுகாப்பும் காத்திருந்தன. ஆனால் அவருக்கு உறக்கம் வரவில்லை. தம்முடைய வாலிபர்கள் ஜெர்மனியில் சிறையிலும் அபாயத்திலும் இருக்க, தாம் பூந்தோட்டத்து வீட்டில் அமர்ந்து அவர்களுக்காக ஜெபிப்பது எவ்வாறு ஜெபமாகும் என்று கலங்கினார். 1731 முதல் மொரேவிய சபையார் ஆண்டுதோறும் அச்சிட்டு வரும் தினவசனப் புத்தகத்தை அவர் நாள்தோறும் வாசிப்பதுண்டு. ஜூன் 26-ஆம் தேதி, மாரிகாலத்திற்குமுன் வந்து சேரும்படி பவுல் அப்போஸ்தலர் தீமோத்தேயுவை அழைக்கும் வசனம் அவர் கண்ணிற் பட்டது. தம்மையே அது அழைப்பதாக உணர்ந்தார். தம் ஜனங்களோடு துன்பத்திற் பங்குகொள்ளாதவனுக்கு, யுத்தத்தின் பின் அவர்களோடு சபையைக் கட்டி எழுப்பும் உரிமையும் இல்லை என்று துணிந்து, ஒரு மாதமும் நிரம்பாமுன் கப்பலேறினார்.

திருவிருந்தில் ஒரே பாத்திரத்திற் பங்குபெற்றவர், துன்பப் பாத்திரம் வரும்போது எழுந்து போவதற்கில்லை என்பதே அத்துணிவின் அடிப்படை என்று நாம் கருதுகிறோம்.

திரும்பி வந்தவரை அரசு பேசவும் எழுதவும் ஒட்டாமல் தடுத்தது. அவருடைய அக்காளின் கணவர் ஹான்ஸ் பான் டோனானி இராணுவ உளவு இலாகாவில் இருந்துகொண்டே ஹிட்லரை வீழ்த்த முயன்ற கூட்டத்தைச் சேர்ந்தவர். அவர் வழியாகப் போன்ஹோபரும் அக்கூட்டத்திற் சேர்ந்தார். யூத வம்சத்தார் 14 பேரைச் சுவிட்சர்லாந்துக்குத் தப்புவித்த காரியத்தில் அவருக்கும் பங்கு உண்டு. 1942-இல் ஸ்வீடன் தேசம் சென்று அத்தியட்சர் பெல்லைச் சந்தித்து, எதிர்ப்பாளரின் செய்தியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். சாந்தத்தைப் போதித்தவர் ஒரு கொடுங்கோலனைக் கொல்ல எண்ணிய கூட்டத்தில் நின்றது முறையா என்று இன்றும் கற்றோர் வாதிப்பர். அவர் தம்மை நியாயப்படுத்திக்கொள்ளவில்லை. அயலான் அழியக் கைகளைத் தூய்மையாய் வைத்துக்கொள்வதும் பாவம், கொலையிற் பங்குகொள்வதும் பாவம் என்றே அவர் கண்டார். இரண்டாவதன் பாரத்தைச் சுமந்து கடவுளின் இரக்கத்தில் தம்மை ஒப்புவித்தார்.

சிறையில் ஐக்கியம்

1943 ஜனவரியில் மரியா பான் வேடமேயர் என்னும் 18 வயதுப் பெண்ணுக்கும் அவருக்கும் விவாக நிச்சயம் ஆயிற்று. மூன்று மாதங்களுக்குள், ஏப்ரல் 5-ஆம் தேதி, அவர் கைதாகிப் பெர்லினிலுள்ள தேகல் இராணுவச் சிறையில் அடைக்கப்பட்டார். கூட்டு வாழ்வே ஜீவன் என்று கற்பித்தவர் தனியறையில் பூட்டப்பட்டார். முதல் நாட்களில் அவரோடு பேசுவாரில்லை. தற்கொலை எண்ணமும் தலைகாட்டியதை அவர் அந்நாளில் ஒரு காகிதத் துண்டிற் குறித்து வைத்தார். பெரியோர் என்றால் அவருக்குக் கலக்கமே வராது என்று எண்ணுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

அவர் தேறியது எவ்வாறு? பின்கன்வால்டேயின் ஒழுங்கைச் சிறையறைக்குட் கொணர்ந்ததனாலேயே. விடியற்காலையில் சங்கீதம், வேதவாசிப்பு, தாயார் கற்பித்த பவுல் கெர்ஹார்ட் பாட்டுகள். அதே வேளையில் அதே வசனத்தைத் தம் நண்பர் வேறெங்கோ வாசிக்கின்றனர் என்னும் நினைவு. அந்நவம்பருக்குள் பழைய ஏற்பாட்டை இரண்டரை முறை வாசித்து முடித்திருந்தார். கடிதங்களுக்குத் தேதியிடுகையிலும் திருச்சபைப் பஞ்சாங்கத்தின்படி ஞாயிறுகளின் பெயரை எழுதினார். சுவர் நடுவே நின்றது, ஐக்கியம் அறுபடவில்லை.

பெற்ற பலத்தை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவுமில்லை. விமானக் குண்டுவீச்சின்போது காயமுற்றவர்க்கும் நடுங்கினவர்க்கும் துணை செய்தார். 1943 கிறிஸ்துமஸுக்கு உடன் கைதிகளின் உபயோகத்திற்கென ஜெபங்கள் எழுதிக் கொடுத்தார். காவலரே அவர் கடிதங்களை மறைவாய் வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தனர். எனினும் தம் அகத்தை அவர் மறைக்கவில்லை. பிறர் தம்மைத் தைரியசாலி என்கின்றனர், தாமோ உள்ளே கூண்டுப் பறவைபோல் துடிக்கின்றோம், இவ்விருவரில் தாம் யார் என்று தம்மையே வினவி, யாராயினும் தாம் கடவுளுக்கு உரியவர் என்ற விடையோடு முடியும் ஒரு கவிதை 1944-இல் அவர் எழுதியது.

அவ்வாண்டு ஜூலை 20-ஆம் தேதி ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தவறிற்று. சாட்சியங்கள் வெளிப்பட்டன. ஒரு காவலர் துணையோடு தப்பிச் செல்லும் ஏற்பாடு ஆயத்தமாயிருந்தது. ஆனால் தமையன் கிளாஸ் கைதானதைக் கேட்டதும், தாம் தப்பினால் குடும்பத்திற்குத் துன்பம் பெருகும் என்று அதனைக் கைவிட்டார். அக்டோபரில் இரகசியப் போலீசாரின் சிறைக்கு மாற்றப்பட்டார். டிசம்பரில் மரியாவுக்கு எழுதிய கடிதத்தோடு, பெற்றோருக்கும் அவளுக்குமாக ஒரு பாட்டை அனுப்பினார். தாம் தனித்தவர் அல்லர், அன்பர் ஜெபங்களும் பண்டை நாளின் பேச்சுகளும் பாட்டுகளும் கண்ணுக்குத் தெரியாத காவலாய்த் தம்மைச் சூழ நிற்கின்றன என்பதே அக்கடிதத்தின் உட்பொருள். அப்பாட்டை இன்றும் ஜெர்மானியச் சபைகள் ஆண்டிறுதியிற் பாடுகின்றன.

கடைசி ஞாயிறு

1945 பிப்ரவரியில் அவர் புகன்வால்ட் முகாமுக்கும், ஏப்ரலில் பிற கைதிகளோடு தெற்கே ஷோன்பர்க் என்னும் சிற்றூருக்கும் கொண்டுபோகப்பட்டார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அவர்களை அடைத்தனர். ஏப்ரல் 8-ஆம் தேதி, உயிர்த்தெழுதல் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு. ஆராதனை நடத்தும்படி சிலர் வேண்டினர். போன்ஹோபர் தயங்கினார். அங்கே இருந்தவரிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். கோகோரின் என்னும் ருஷ்யரோ கடவுள் நம்பிக்கையின்றி வளர்ந்தவர். எவர் மனமும் நோகலாகாதென்று எண்ணினார். கத்தோலிக்கர் தாமே வேண்டிக்கொண்டனர், கோகோரினும் இசைந்தார். அதன் பின்னரே அவர் ஜெபித்து, அன்றைக்குரிய வேதபாடங்களாகிய ஏசாயா 53-ஆம் அதிகாரத்து 5-ஆம் வசனத்தையும் முதலாம் பேதுரு முதல் அதிகாரத்து 3-ஆம் வசனத்தையும் வாசித்து விளக்கினார். கிறிஸ்துவின் காயங்களால் வரும் சுகத்தைப் பற்றியும், அவர் உயிர்த்தெழுதலால் வரும் நம்பிக்கையைப் பற்றியும் கூறுவன அவை.

பிறப்பாலும் தேசத்தாலும் சபையாலும் பிரிந்திருந்தவர் அனைவரும் அன்று அவ்வறையில் ஒன்றாயினர். 12 ஆண்டுகளுக்கு முன் எந்த வாயிலை அடைக்கலாகாது என்று அவர் போராடினாரோ, அது அங்கே அடைபடாது நின்றது. கடைசி ஜெபம் முடிந்ததும் இருவர் வந்து அவரைப் பெயர் சொல்லி அழைத்தனர். அவ்வழைப்பின் பொருள் யாவர்க்கும் தெரிந்தது. அவர் விடைபெற்று, அத்தியட்சர் பெல்லுக்கு ஒரு செய்தி சொல்லியனுப்பினார். தமக்கு இது முடிவாயினும் ஜீவனின் தொடக்கம் என்பது அதன் கருத்து. மறுநாள் விடியலில் பிளாசன்பர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார். இரு வாரத்தில் அமெரிக்கப் படை அம்முகாமை விடுவித்தது.

தமையன் கிளாஸும் டோனானியும் மற்றொரு அக்காளின் கணவரும் அதே மாதத்திற் கொல்லப்பட்டனர். ஒரு வீட்டில் இரு மைந்தரும் இரு மருமக்களும் மாண்டனர். தபால் தந்தி குலைந்து கிடந்தமையால் முதிய பெற்றோர் டீட்ரிக்கின் முடிவை உறுதியாய் அறியவில்லை. 1945 ஜூலை 27-ஆம் தேதி லண்டனில் ஒரு கோயிலில் நடந்த நினைவு ஆராதனையை ரேடியோவிற் கேட்டே தம் மகன் இறந்தான் என்று அறிந்தனர். அங்கே பேசியவருள் ஒருவர் உற்ற நண்பராகிய ஹில்டபிராண்ட். நேற்றுவரை சத்துரு தேசமாயிருந்த இங்கிலாந்து, ஒரு ஜெர்மானியனுக்காகக் கண்ணீர் வடித்து ஜெபித்தது. ஐக்கியம் என்னும் சொல்லுக்கு அதனினும் சிறந்த உரை எழுத நம்மால் இயலாது.

நாம் கொள்ளத்தக்கது

போன்ஹோபரின் பலம் வேறு எவர்க்கும் எட்டாத ஒன்றன்று. தாய் கற்பித்த பாட்டு, தமையன் விட்டுப்போன வேதாகமம், காலை மாலை ஜெபம், மனஸ்தாபம் தீர்த்துவிட்டுத் திருவிருந்தில் அமர்தல், இல்லாதவனைப் பழியாமை ஆகிய இவையே அதன் கருவிகள். இவற்றில் எதனை நம் வீடுகளிற் செய்ய முடியாது? நாள்தோறும் சிறிது சிறிதாய்ச் சேர்த்ததே ஆபத்து நாளில் அவர் கையிலிருந்தது. புயல் வந்தபின் கூரை வேய முடியாதல்லவா?

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. வாயிலைத் திறந்து வைத்த ஐக்கியமே அவருக்குப் பலந் தந்தது. பிறப்பைக் காட்டி வாயிலை அடைத்த சபைக்கு அக்காலத்திற் பெரிய கோபுரங்களும் அரசின் ஆதரவும் ஆயிரமாயிரம் ஜனங்களும் இருந்தும், சோதனை வேளையில் நிமிர்ந்து நிற்கும் பலம் இல்லாதுபோயிற்று. நம்முட் கூடுகிற ஒவ்வொரு வேளையும், இப்பந்தியில் இடம் பெறாது வெளியே நிற்பவர் யார், அவரை நிறுத்தியவர் யார் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.